குபெர்னெட்டீஸில் டிப்ளாய்மென்டை யார் மாற்றுகிறார்கள் என்று கமாண்ட் லைனிலேயே பார்ப்பது எப்படி?

குபெர்னெட்டீஸின் (பல சர்வர்களில் ஆப்களை ஓடவிடும் சிஸ்டம்) கமாண்ட் டூலான கியூப்சிடிஎல்லில், கெட் கமாண்டோடு வாட்ச் ஃபிளாக் போட்டு டிப்ளாய்மென்டைப் (ஒரு ஆப் எப்படி, எத்தனை பிரதிகளாக ஓட வேண்டும் என்ற அமைப்பு) பார்த்தால் ரெப்ளிகா (ஓடும் பிரதி) எண்ணிக்கை ஏறி இறங்குவது மட்டும் தெரிகிறது, மாற்றுவது யார் என்று தெரியவில்லை, சில நேரம் ஒரே வரி அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் திரும்ப வரும் வரிதான் முக்கியமான தடயம், அதைக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ஆப்ஜெக்டில் (இங்கே உங்கள் டிப்ளாய்மென்ட்) ஏதோ ஒரு ஃபீல்டு மாறும்போதெல்லாம், எல்லா மாற்றங்களும் கடந்துபோகும் ஏபிஐ சர்வர் ஒரு தகவல் அனுப்புகிறது, கியூப்சிடிஎல் ஒரு வரி அச்சிடுகிறது. மாறியது அந்த டேபிளில் இல்லாத ஃபீல்டாக இருந்தால் வரி அச்சு அசலாக முந்தையது போலவே இருக்கும். அதனால் டேபிளை விட்டுவிட்டு முழு ஆப்ஜெக்டைப் பாருங்கள். புலுமி வெளியிட்ட கியூப்ஸ்பை என்ற டூலில் சேஞ்சஸ் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்தையும் டிஃப் (முந்தையதோடு உள்ள வித்தியாசம்) ஆகவே காட்டும், எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக எதையும் நிறுவ முடியாத இடத்தில் அதே கெட் கமாண்டை யாமல் அவுட்புட், வாட்ச் இரண்டோடும் ஓட்டி ஒரு ஃபைலில் சேருங்கள், அடுத்தடுத்த பதிப்புகளை டிஃப் போட்டால் போதும்.

அப்போது ஷோ மேனேஜ்டு ஃபீல்ட்ஸ் என்ற ஃபிளாகை மறக்காமல் சேர்க்கவும். 1.21 பதிப்பிலிருந்து கியூப்சிடிஎல் மேனேஜ்டு ஃபீல்ட்ஸ் என்ற பகுதியை மறைத்துவிடுகிறது, ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது: எந்த ஃபீல்டு எந்த மேனேஜரிடம் (அதை எழுதிய புரோகிராம்) இருக்கிறது, கடைசியாக எப்போது மாறியது, எல்லாம். கையால் எடிட் செய்திருந்தால் கியூப்சிடிஎல் எடிட் என்றே பெயர் வரும். ஆனால் தெரிவது புரோகிராமின் பெயர்தான், ஆளின் பெயர் அல்ல. ஆள் வேண்டுமென்றால் ஏபிஐ சர்வரின் ஆடிட் லாக் (யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு) வேண்டும், அது முன்பே ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இரவு முழுக்க ஓடவிடப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். டீஃபால்ட் அமைப்பில் ஒரு வாட்ச் இணைப்பை சர்வரே 30 முதல் 60 நிமிடத்துக்குள் முடித்துவிடும், கமாண்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஷெல்லில் வைல் லூப்புக்குள் போடுங்கள், இடைவெளியில் நடந்தது மட்டும் தவறும். பழைய ஈவென்ட்ஸ் (குபெர்னெட்டீஸ் தானே எழுதும் நிகழ்வுக் குறிப்புகள்) பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், அவை டீஃபால்ட்டாக 1 மணி நேரம்தான் இருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரெப்ளிகா மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஆட்டோஸ்கேலர் (சுமைக்கு ஏற்ப ரெப்ளிகா எண்ணிக்கையைத் தானே மாற்றுவது) மேல்தான்: அது ஏற்றுகிறது, உங்கள் பைப்லைன் (தானாக வெளியிடும் ஸ்கிரிப்ட்) ஒவ்வொரு முறை அப்ளை செய்யும்போதும் மேனிஃபெஸ்டில் (டிப்ளாய்மென்டை விவரிக்கும் ஃபைல்) எழுதியிருக்கும் பழைய எண்ணுக்கே இறக்குகிறது. மேனேஜ்டு ஃபீல்ட்ஸில் கியூப் கன்ட்ரோலர் மேனேஜர் (ஆட்டோஸ்கேலர் ஓடும் புரோகிராம்) என்ற பெயரும் பக்கத்தில் ஸ்கேல் என்ற சப்ரிசோர்ஸும் (ஆப்ஜெக்டின் உட்பகுதி) தெரிந்தால் சந்தேகம் உறுதி. மேனிஃபெஸ்டிலிருந்து ரெப்ளிகாஸ் வரியை எடுத்துவிடுங்கள், ஆனால் சும்மா எடுத்துவிட்டு அப்ளை செய்தால் எண்ணிக்கை ஒரு தடவை 1-க்கு விழுந்துவிடும், அப்புறம்தான் ஆட்டோஸ்கேலர் மீட்கும். அதற்கு முன்னால் கியூப்சிடிஎல் அப்ளையின் எடிட் லாஸ்ட் அப்ளைடு கமாண்டால், கடைசியாக அப்ளை செய்ததைச் சேமித்திருக்கும் பதிவிலும் அந்த வரியை நீக்கிவிட்டு, பிறகு அப்ளை செய்யுங்கள்.