சென்னையிலிருந்து டொராண்டோ: மணிக்கணக்கை விடுங்கள், டிக்கெட்டைப் பாருங்கள்

தம்பி, சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவாக வருகிறதே எடுக்கலாமா, படிக்க வந்ததும் பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், நான் சொல்லவில்லை.

தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழி என்றால் முதலில் பத்தரை, பதினோரு மணி நேரம், பிறகு கிட்டத்தட்ட எட்டு. துபாய் வழி என்றால் முதலில் நான்கு, பிறகு பதினான்கு. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ கடிகாரம் குளிர்காலத்தில் நம்மைவிட பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதனால்தான் காலையில் கிளம்பி அன்று மாலையே வந்துவிடுவதுபோல் டிக்கெட் காட்டும்.

தனித்தனி டிக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்களைப் பற்றிக் கவலையே இல்லை. பெட்டியை நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக் குடியேற்றக் கவுண்டரைத் தாண்ட வேண்டும், அங்கே விசா கேட்கலாம். அமெரிக்கா வழி வந்தால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் "நியூயார்க் வழியா வா, மலிவு" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் மீனம்பாக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ஓர் ஏஜென்ட் அப்படித்தான் இரண்டு டிக்கெட்டைப் பின் அடித்து, ஒரே டிக்கெட் என்று விற்றார். முதல் விமானம் தாமதம், அடுத்தது போயே போய்விட்டது. அக்கா வீட்டுக்காரர் போனிலேயே புது டிக்கெட் போட்டுக் கொடுத்ததால் வந்து சேர்ந்தேன். பெட்டி வர மேலும் சில நாள். ஜனவரி மாதம், ஸ்வெட்டர்கூட பெட்டிக்குள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், தன் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, எந்தப் பஸ், எங்கே மாற வேண்டும் என்று கூடவே வந்து காட்டினார். நம் ஊர்க்காரர்கள் பலர் இங்கே ஈழத் தமிழர்களிடம் ஒட்டாமலே காலம் தள்ளுவது எனக்குப் புரிவதே இல்லை. இப்போது பனி தள்ளுவதில் எங்கள் தெருவில் நான்தான் முதல் ஆள், அது வேறு விஷயம்.

ஜாக்கெட்டும், படிப்பு அனுமதிக்கான ஒப்புதல் கடிதமும், கல்லூரிக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். அனுமதியை இங்கே விமான நிலையத்தில்தான் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அப்புறம், பணம் கட்டுவதற்கு முன் எந்த ஊர் வழி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் மாற்றத்தான் சொல்வேன்.