மோட்சார்ட், ஹைடன் இசையெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது? அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். ஓட்டல் லாபியில் ஓடுகிற இசை மாதிரி எல்லாம் பளிச்சென்று, ஒழுங்காக, சண்டை சச்சரவே இல்லாமல் போகிறது. அந்தக் காலத்து ஓவியங்களும் சிலைகளை வரிசையாக நிறுத்தி வைத்தது போல இருக்கின்றன என்கிறீர்கள். நியாயமான புகார்தான். மோட்சார்ட், ஹைடன் போன்ற இசையமைப்பாளர்கள் எழுதிய, ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான அந்த ஐரோப்பியச் செவ்வியல் காலத்துக்கு ஒழுங்கின் மேல் பெரிய மோகம் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கு, அடுத்து என்ன வரும் என்று உங்களை நம்ப வைப்பதற்காகப் போடப்பட்டது. நம்பிய பிறகுதான் விளையாட்டே ஆரம்பிக்கும்.

ஹைடனின் 94-ஆவது சிம்பொனியின் (முழு இசைக்குழுவுக்கு எழுதிய பல பகுதிப் படைப்பு) இரண்டாம் பகுதியைப் போட்டுக் கேளுங்கள். குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது போல ஒரு மெட்டு: ஸ ஸ க க ப ப க, ம ம ரி ரி நி நி ப. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான், கமகம் கிடையாது. அடுத்த வரியும் ஸ ஸ க க ப ப க என்றே தொடங்கும். ஆனால் முடிவில் மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு, சங்கராபரணத்தில் இல்லாத ஒரு பிரதி மத்தியமத்தை (சற்றே உயர்ந்த ம) இரண்டு முறை தட்டிப் பஞ்சமத்தில் போய் உட்காரும். மொத்தம் எட்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு). பிறகு அதே எட்டு பார் இன்னும் மெல்லிய குரலில் திரும்ப வரும். வயலின்காரர்கள் ஜாக்கிரதையாக அடியெடுத்து வைக்கிறார்கள், மற்றவர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியை மீட்டுகிறார்கள். பதினாறாவது பாரில், யாரும் எதிர்பார்க்காத இரண்டாவது தட்டில், மொத்த இசைக்குழுவும் டிம்பனி முரசும் சேர்ந்து ஓங்கி ஒரு அடி! அடித்த கையோடு, ஒன்றுமே நடக்காதது போல மெட்டு தொடர்கிறது.

1792 மார்ச் 23 அன்று லண்டனில் இது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. தூங்கி வழிந்த சீமாட்டிகளை எழுப்பத்தான் அந்த அடி என்று கதை சொல்வார்கள். அதைப் பற்றி ஹைடனிடமே கேட்டபோது, அதெல்லாம் இல்லை, புதிதாக ஏதாவது செய்து ஜனங்களைக் கவர வேண்டியிருந்தது என்றாராம். அந்த சீசனில் அவருடைய பழைய மாணவர் பிளேயல் அதே ஊரில் போட்டிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்! இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். அந்த அடி அதே இடத்தில் மறுபடி வராது. இப்போது வரும், அப்போது வரும் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம். கடைசி வரை காக்க வைப்பார். இரண்டாவது முறை நம்மை ஏமாற்றுவது அந்த மௌனம்தான்.

அந்தப் பிரதி மத்தியமத்தைச் சும்மா சொல்லவில்லை. நம் கச்சேரியில் தம்புரா ஒரே ஸட்ஜத்தை ஆரம்பம் முதல் மங்களம் வரை பிடித்திருக்கும். ராகம் மாறலாம், ஸட்ஜம் நகராது. இங்கே தம்புராவைக் கொண்டுபோய் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே அபஸ்வரமாகிவிடும். ஏனென்றால் இந்த இசையின் கதையே ஸட்ஜம் இடம்பெயர்வதுதான். மேலே சொன்ன மெட்டில் பஞ்சமத்தைப் புது ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். அந்தப் பிரதி மத்தியமம் அதற்குக் காகலி நிஷாதமாகிவிடும், அதாவது ஸட்ஜத்துக்கு ஒட்டிக் கீழே இருக்கும் நி. அதாவது ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றி உங்களை அடுத்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பெரிய படைப்புகளில் இதே காரியம் பல நிமிடங்களுக்கு நடக்கும். வீட்டில் ஒரு மெட்டு, பஞ்சம வீட்டில் இன்னொரு மெட்டு, பிறகு எந்த வீடும் நிலைக்காமல் கொஞ்ச நேரம் அலைச்சல், கடைசியில் இரண்டு மெட்டும் சொந்த வீட்டுக்கே திரும்புவது. மெட்டை மட்டும் கவனிக்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். கர்நாடக இசையில் ஊறிய காது பெரும்பாலும் மெட்டையும் நகாசையும்தான் தேடும். இங்கே நகாசு கம்மி. பயணம்தான் சரக்கு.

மோட்சார்ட் 1788-இல் எழுதிய 40-ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் அந்த அலைச்சல் தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே வரியை முரட்டுத்தனமாக வாசிப்பார்கள். சில பார்களுக்குள் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் பதினொன்று வந்துவிடும். வராத ஒன்று எது தெரியுமா? அந்த சிம்பொனியின் ஸட்ஜம்! லாபியில் போடுகிற சமாசாரமா இது?

ஹைடனுக்கு இந்தக் குறும்பெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் 1761-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெள்ளைக் காலுறை, தலைக்குப் பவுடர் வரைக்கும் எழுதியிருந்தார்கள். தினம் இரண்டு வேளை முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதுகிற இசை பிரபுவுக்குச் சொந்தம். அந்த ஷரத்து 1779-இல்தான் போனது. இப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு அவர் லீவு கேட்ட விதம்தான் 45-ஆவது சிம்பொனி. 1772-இல் பிரபு தன் கோடை மாளிகையை விட்டுக் கிளம்புகிற வழியைக் காணோம். இசைக்காரர்கள் பலரின் குடும்பங்கள் தொலைவில் ஐசன்ஷ்டாட்டில். கடைசிப் பகுதியில் ஹைடன் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்து, எழுந்து போக வைத்தார். கடைசியில் இரண்டே வயலின், அதுவும் ஒலி அடக்கி. பிரபு புரிந்துகொண்டார். மறுநாள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். முறைத்துக்கொள்ளாமல் மனு கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி நான் கேள்விப்பட்டதில்லை.

ஓவியத்துக்கு வருகிறேன். எரிமலையில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியம், பொம்பெய் ஆகியவற்றின் அகழாய்வு 1738, 1748 ஆண்டுகளில் தொடங்கியதும் ஐரோப்பா முழுக்கப் பழைய ரோம் மீது பைத்தியம் பிடித்தது. அதற்கு முந்தைய ரோஜா வண்ண, ஊஞ்சலாட்ட ஓவியங்கள் சலித்துப் போயின. பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்து 1785-இல் பாரிஸில் காட்டிய 'ஹொராட்டியர்களின் சபதம்' இப்போது அங்கே லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரி ஊர்ச் சகோதரர்களோடு சண்டை போடப் புறப்படும் ரோமானியச் சகோதரர்கள்தான் ஹொராட்டியர்கள். மூன்றே கால் மீட்டருக்கு மேல் உயரம், நாலே கால் மீட்டர் அகலம். பின்னணியில் மூன்று வளைவுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கூட்டம். இடப்பக்கம் மூன்று சகோதரர்கள் கை நீட்டிச் சபதம் எடுக்கிறார்கள், நடுவில் தகப்பனார் மூன்று வாள்களைத் தூக்கிப் பிடிக்கிறார். எல்லாம் நேர்கோடு. கணக்குப் போட்ட படம் என்று நகர்ந்துவிடத் தோன்றும். நகராமல் வலப்பக்கம் பாருங்கள். பெண்கள் துவண்டு சரிந்து கிடக்கிறார்கள், நேர்கோடு ஒன்றுகூட இல்லை. அவர்களில் ஒருத்தி எதிரி வீட்டுப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டவள். இன்னொருத்தி எதிரிக்கு நிச்சயிக்கப்பட்டவள். யார் ஜெயித்தாலும் அவர்கள் வீட்டில் சாவு. இரண்டு வளைவு முழுக்க அடுக்கி வைத்த ஒழுங்கை மூன்றாவது வளைவு உடைக்கிறது.

ஒரு சின்னக் கொசுறு. பீத்தோவன் (1770-1827), நம் தியாகராஜர் (1767-1847), முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) எல்லோரும் சமகாலத்தவர்கள். தீட்சிதர் ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' எழுதினார். ஹைடன் அதே வாழ்த்தை லண்டனில் கேட்டுவிட்டுப் போய், தன் நாட்டுப் பேரரசருக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று 1797-இல் சொந்த மெட்டில் ஒரு வாழ்த்து எழுதினார்.

சரி, எதில் தொடங்குவது? முழு சிம்பொனியில் ஆரம்பிக்காதீர்கள். ஹைடனின் ஓபஸ் 33 (படைப்பு வரிசை எண்), இரண்டாவது குவார்டெட்டின் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) கடைசிப் பகுதியை மட்டும் கேளுங்கள், சில நிமிடம்தான். எப்போது முடிகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு சபாஷ். அப்புறம் 94, 45, மோட்சார்ட்டின் 40 என்று போகலாம். பதிவு வாங்கும்போது அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசித்ததாகப் பார்த்து எடுங்கள். ஹாக்வுட், பின்னாக் போன்ற இசைக்குழு நடத்துநர்களுடையவை நன்றாக இருக்கும். விலங்குக் குடல் தந்தியும் கெட்டியான முரசுக் குச்சியும் சேரும்போது அந்தப் பதினாறாவது பார் நிஜமாகவே தூக்கிப் போடும். ஹெட்போனில் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.