காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை

கேள்வி: எனக்கு வயது 68. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் தெளிவாகக் கேட்கிறது. நாலு பேர் கூடிப் பேசினாலோ பக்கத்தில் டிவி ஓடினாலோ சத்தம் மட்டும்தான் காதில் விழுகிறது, சொற்கள் பிடிபடுவதில்லை. பரிசோதனையில் 'வயதுக்கேற்ற லேசான குறைவு' என்றார்கள். நான் கவனிப்பதில்லை என்கிறான் மகன். மூளையில் கோளாறா?

பதில்: இது கவனக்குறைவு இல்லை என்று முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்து மூளைக் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். வயதானவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது.

கடை, படை, தடை, சடை. இந்த நாலு சொற்களையும் பிரித்துக் காட்டுவது முதலில் வரும் மெய்யொலி மட்டும்தான். உயிரொலிகள் பலமானவை, தாழ்ந்த சுருதியில் வருபவை. மெய்யொலிகள் மெல்லியவை. அவற்றை அடையாளம் காட்டும் நுணுக்கங்களில் பெரும்பகுதி 2000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. வயதாகும்போது முதலில் தேய்வதும் அந்த உயர் சுருதிதான். அமைதியான இடத்தில் விட்டுப்போன ஒலியை மூளை ஊகித்து நிரப்பிவிடும். இரைச்சலில் மிச்சமிருக்கும் தடயமும் மூழ்கிவிடுகிறது.

உட்காதில் சுமார் 12,000 வெளி முடிச்செல்கள் (நுனியில் முடி போன்ற நுண்ணிய இழைகள் உள்ள செல்கள்) உண்டு. மெல்லிய ஒலியைப் பெருக்குவதும், நெருங்கிய சுருதிகளைத் தனித்தனியாகப் பிரிப்பதும் அவற்றின் வேலை. அழிந்தால் திரும்ப வளராது. அவை குறையும்போது குரலும் இரைச்சலும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். செவி நரம்பின் இணைப்புகளும் வயதோடு குறைகின்றன. அமைதியான அறையில் 'பீப்' ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். உங்கள் ரிப்போர்ட்டும் உங்கள் அனுபவமும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. வேண்டாத குரல்களை ஒதுக்குவதும், வேகமான பேச்சைத் தொடர்வதும் வயதில் கொஞ்சம் மந்தமாகும். கூட்டத்திலிருந்து வந்ததும் அசந்துபோகிறீர்கள் என்றால், மூளை கூடுதலாக உழைத்த களைப்புதான் அது.

சரி, என்ன செய்யலாம்? காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் பரிசோதனையை ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரிடம்) கேட்டு வாங்குங்கள். காது கருவி தேவைப்பட்டால் தள்ளிப்போட வேண்டாம். அது இரைச்சலை முழுவதும் நீக்காது, பழகவும் சில வாரங்கள் ஆகும். இரைச்சலான இடத்துக்கு, முன்னால் பேசுபவரின் குரலைக் கூடுதலாக வாங்கும் மைக் உள்ள கருவி உதவும். பேசுபவர் சட்டையில் மாட்டும் தனி மைக் இன்னும் நல்லது.

செலவில்லாத வழி, நெருங்கி உட்காருவது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். இரைச்சல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். கத்திப் பேசச் சொல்லாதீர்கள். கத்தினால் ஒலி சிதையும், உங்களுக்கும் காது கூசும். நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். 'என்ன?' என்று மொட்டையாகக் கேட்காமல், 'எத்தனை மணிக்கு என்றாய்?' என்று விட்டுப்போன சொல்லை மட்டும் கேளுங்கள். மகனுக்கும் எரிச்சல் வராது.

ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ தலைசுற்றல் சேர்ந்து வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.