ஏஜென்ட்டுக்கு மார்க் போடுறது எப்படி?

கேள்வி: அண்ணா, எனக்கு குடியாத்தம், காட்பாடி பக்கம் ஒரு காலேஜ்ல ஃபைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். தானா கத்துக்கிற ஏஜென்ட் வச்சு ட்ராஃபிக் சிக்னல் ப்ராஜெக்ட் பண்ண ஆசை. வேகமா கணக்கு போடுற ஜிபியு சிப் எல்லாம் கெடையாது, பழைய லேப்டாப்தான். இது பெரிய கம்பெனிக்காரங்க வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னால ஆராய்ச்சின்னு சொல்ற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா?

பதில்: தாராளமா முடியும் தங்கச்சி. ஜிபியு கவலைய இப்போதைக்கு விடு, எதுக்கு மார்க் போடப்போறன்னு மொத யோசி. ஏஜென்ட்ன்ற புரோகிராம் சுத்தி நடக்கறத பாக்குது, எதாச்சும் ஒண்ணு செய்யுது, அதுக்கு நீ மார்க் குடுக்குற, மார்க் கூட வர்ற பக்கமா அது போகப் பழகுது, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்ல அடிப்படையே இவ்ளோதான். நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் ஜங்ஷனயே எடுத்துக்கோயேன். எத்தன வண்டி தாண்டுதோ அத்தன மார்க்னு வச்சேன்னா கூட்டமா வர்ற ரோட்டுக்கே பச்சைய போட்டுட்டு உக்காந்துக்கும், சின்ன ரோட்ல வர்ற டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நின்னுகினே இருக்கும், ஆனா அது நீ கேட்டதத்தான் செஞ்சிருக்கு. சரி, காத்திருக்கிற நேரத்துக்கு மார்க் கொறைக்கலாம்னா யாரோட நேரம், எல்லா வண்டியும் சேத்தா, இல்ல ரொம்ப நேரம் நின்ன வண்டியா? சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வந்துகினே இருக்கிற ஊரு இது, அதுக்கு எவ்ளோ? நடந்து தாண்டுற ஆயாவ எந்தக் கணக்குல சேப்ப? இதுக்கு ஒழுங்கா பதில் தேடினாலே அது ஆராய்ச்சிதாம்மா.

பெரிய எடத்துலயும் இதே பாடுதான். 2016ல ஓப்பன்ஏஐ ஒரு படகு ரேஸ் கேம்ல ஏஜென்ட்ட விட்டாங்க, அது ரேஸையே முடிக்கல, ஒரே எடத்துல சுத்திச் சுத்தி பாயின்ட் குடுக்கிற டார்கெட்டயே இடிச்சிட்டு இருந்துச்சு, படகு தீப்புடிச்சும் விடல, அப்படியும் மனுஷங்கள விட சராசரியா 20 சதவீதம் அதிக ஸ்கோர்!

சுமோன்னு ஜெர்மனிக்காரங்க செஞ்ச ட்ராஃபிக் சிமுலேட்டர் ஃப்ரீயாவே கெடைக்குது, லேப்டாப்லயே ஓடும். ஒரே ஒரு ஜங்ஷன் எடு. வாட்கின்ஸ் 1989ல எழுதின கியூ லேர்னிங் போதும், எந்த நெலமையில எத செஞ்சா எவ்ளோ மார்க் வரும்னு குறிச்சு வைக்கிற வெறும் டேபிள்தான். ரேண்டம் சீட (ரேண்டம் எண்கள் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்ற நம்பர) மாத்தி மாத்தி பல தடவ ஓட்டி எல்லா ரிசல்ட்டையும் எழுது, நல்லா வந்த ஒண்ண மட்டும் காட்டாத, சீட மாத்தினாலே அதே அல்காரிதம் வேற ரிசல்ட் குடுக்கும்னு 2018லயே காட்டிட்டாங்க. சாதா டைமர் சிக்னலோட கம்பேர் பண்ண மறக்காத. டைமரே ஜெயிச்சாலும் அப்படியே எழுது.

பாடத்துக்கு ஐஐடி மெட்ராஸ் ரவீந்திரன் சாரோட என்பிடெல் வீடியோ பாரு, காசு வேணாம். கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் அவார்ட 2024க்கு வாங்கின ரெண்டு பேர்ல பார்ட்டோ கிட்ட பிஎச்டி பண்ணவர் அவர்.

கேள்வி: நான் ரிட்டயர்டு வாத்தியார், ஆற்காடு. பையன் இதே துறையில பிஎச்டி பண்றான், லீவுக்கு வந்தா கம்ப்யூட்டர்ல பழைய வீடியோ கேம் ஓடிகினே இருக்குது, கேட்டா ஆராய்ச்சின்றான். நெஜமாவா?

பதில்: நெஜம்தான் ஐயா. கேம்ல ஸ்கோர் ரெடியா இருக்கு, லட்சம் தடவ தோத்தாலும் யாருக்கும் அடி படாது, அதான். கூகுளோட டீப்மைண்ட் கம்பெனி 2015ல 49 பழைய அடாரி வீடியோ கேம்ல சோதிச்சதா கட்டுரை போட்டாங்க, ஸ்க்ரீனும் ஸ்கோரும் மட்டும் குடுத்து கத்துக்க விட்டது. அதுல மான்டெசுமாஸ் ரிவெஞ்ச்னு ஒண்ணுல ஸ்கோர் பூஜ்யம், ஏன்னா மொத பாயின்ட் வர்றதுக்கே ரொம்ப தூரம் சரியா போகணும், நடுவுல மார்க்கே கெடையாது. எந்த கேம் ஓட்றன்னு தம்பிய கேட்டுப் பாருங்க. இது மாதிரி ஒண்ணுன்னா பக்கத்துல உக்காந்து விளக்கச் சொல்லுங்க, மார்க் எப்படிப் போடணும்னு வாத்தியாருக்கும் சொல்ல நெறய இருக்கும்.