அம்மாவுக்கு மட்டும் எப்படி கேக்குது?

அண்ணே வணக்கம். எனக்கு தங்கச்சிமடம், வேலை சென்னையில. லீவுக்கு வந்தா பாக்குறேன், பக்கத்துல கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அலறினாலும் அம்மா அசையாம தூங்குது. ஆனா விடியக்காலம் அப்பா வள்ளத்து இன்ஜின் தூரத்துல கேட்டதும் எந்திரிச்சு டீ போடுது. வர்றது பத்து இருபது வள்ளம், எல்லாம் டீசல் இன்ஜின்தான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எப்படிண்ணே?

பதில்:

தம்பி, தூங்குறப்பவும் காது வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், மூளைதான் எதுக்கு எழுப்பணும்னு முடிவு பண்ணுது. ஸ்பீக்கர் எவ்வளவு அலறினாலும் அதால அம்மாவுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. 1960லயே இங்கிலாந்துல தூங்குறவங்க கிட்ட பேரா சொல்லிப் பாத்திருக்காங்க, மத்த பேரை விட சொந்தப் பேருக்குதான் மூளை அலை அதிகமா துள்ளிச்சு. அதுக்கு முந்துன வருஷம் மோரேன்னு ஒருத்தர் முழிச்சிருக்கவங்கள வச்சு சோதிச்சாரு, ஒரு காதுல வர்றத திருப்பிச் சொல்லச் சொல்லிட்டு இன்னொரு காதுல அவங்க பேரை விட்டா, மூணுல ஒருத்தருக்குதான் பேர் விழுந்துச்சு. அதனால சொந்தப் பேரே எப்பவும் கேக்கும்னு நெனைக்காதீங்க.

கலந்து வர்ற சத்தத்த தனித்தனியா பிரிக்கிறதும் மூளைதான். பாம்பன்ல மீன் ஏலத்த ஒருதடவ போன்ல ரெக்கார்ட் பண்ணேன். அங்க நிக்கிறப்ப நண்டுக் கூடை என்ன வெலைக்கு போகுது, பின்னாடி ரெண்டு அக்கா எதுக்கு சண்டை போடுறாங்க, எல்லாம் தனித்தனியா கேட்டுச்சு. வீட்டுல வந்து போட்டா ஒரே இரைச்சல். இடது பக்கத்து சத்தம் வலது காதுக்கு கொஞ்சம் லேட்டா வரும், எவ்வளவுன்னா அதிகபட்சமே ஒரு வினாடிய ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு கூட வராது, ஆனா அதையும் வச்சுதான் மூளை எந்தக் குரல் எந்தப் பக்கம்னு பிரிக்குது, போன்ல ஒத்தை மைக்ல எல்லாம் ஒண்ணா கலந்துருது.

இன்ஜினுக்கு வர்றேன். எல்லாம் ஒண்ணுன்னு நீங்க சொல்றது உங்க காதுக்கு. எங்க வீட்டு வள்ளத்துல சைலன்சர் ஓட்டை, அதுல ஒரு பொர்ர் சத்தம் சேந்தே வரும். ஒருநா அப்பா புது சைலன்சர் மாட்டிட்டு கடலுக்கு போனாரு. மறுநா காலையில அம்மா எந்திரிக்கவே இல்ல, மனுசன் வலையும் தோளுமா கதவ தட்டிக்கிட்டு நிக்கிறாரு.