18 தடவை எழுதினால் அது ஜெபமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டை. 26 வயசு. குரூப் 4-க்குப் படிக்கிறேன், ஏற்கெனவே 2 தடவை எழுதியும் கிடைக்கல. லைப்ரரியில கூடப் படிக்கிற தோழி 369 முறைன்னு ஒண்ணு சொல்லித் தந்தா. காலையில 3, மத்தியானம் 6, ராத்திரி 9 தடவை 'எனக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது, பிரபஞ்சத்துக்கு நன்றி'ன்னு நோட்டுல எழுதணும். பிரபஞ்சம்ங்கிறது உறுத்தலா இருந்ததால 'ஆண்டவருக்கு நன்றி'ன்னு மாத்திக்கிட்டேன். அம்மா நோட்டைப் பார்த்துட்டு "மந்திரமா எழுதுத?"ன்னு அழுதுட்டாங்க. மாற்கு 11:24-ல இயேசு இதையேதானே சொல்றார்னு கேட்டேன், அவங்ககிட்ட பதில் இல்ல. ஆசைப்பட்டது நடந்துட்டதாவே நினைச்சு வரவழைக்கிற இந்த மேனிஃபெஸ்டேஷன் பண்ணுறது பாவமா?

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள் தங்கச்சி. நோட்டில் இருப்பது மந்திரமும் இல்லை, செய்வினையும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு 'பாவம், பாவமில்லை' என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கே ஓர் இடத்தில் உறுத்தியிருக்கிறது பாருங்கள், அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

'பிரபஞ்சம்' என்பதை அடித்துவிட்டு 'ஆண்டவர்' என்று எழுதினீர்கள். சரி, வாக்கியத்தின் மற்ற பகுதி அப்படியே இருக்கிறதே. பெயரை மாற்றியும் வாக்கியம் அலுங்காமல் நிற்கிறது என்றால், அந்தப் பெயருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்றுதானே அர்த்தம்? பெயருக்குப் பதில் மின்சார வாரியம் என்று போட்டிருந்தாலும் நின்றிருக்கும். ஸ்விட்சைப் போட்டால் லைட் எரிய வேண்டும், போடுகிறவர் சரியாகப் போட வேண்டும், இதுதான் அந்த முறையின் உள்ளே இருக்கும் யோசனை. ஜெபம் அப்படி இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், அவர் 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடமே இல்லாத ஒன்றை ஜெபம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாற்கு 11:24-க்கு வருவோம். 'நீங்கள் ஜெபம்பண்ணும்போது எவைகளைக் கேட்டுக்கொள்வீர்களோ, அவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்.' இதை வைத்துத்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள். ஆனால் 2 வசனம் முன்னால் 'தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்' என்று இருக்கிறது, நம்முடைய எண்ணத்தின் வலிமையில் விசுவாசம் வையுங்கள் என்று இல்லை. அடுத்த வசனமோ, நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது யார் மேலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது. அந்த 25-ம் வசனத்தை நோட்டில் 18 தடவை எழுதுகிற ஒருவரை இதுவரை நான் பார்த்ததில்லை. அப்புறம் அதே மாற்குவில் 3 அதிகாரம் தள்ளிப் போனால், சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபித்த கெத்செமனே வந்துவிடும். அதைச் சொன்ன அதே இயேசு அங்கே, இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துப்போடும் என்று கேட்கிறார், ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறார், 'ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல' என்று சேர்த்துச் சொல்கிறார், பாத்திரமோ நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை, 'பாத்திரம் நீங்கிவிட்டது, நன்றி' என்று அவர் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியுமா?

நம்ம ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தன் பழுப்புக் கண் நீலமாக மாற வேண்டும் என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டு, கிடைத்துவிட்டது என்ற முழு நம்பிக்கையோடு காலையில் கண்ணாடியைப் பார்த்தாராம். பழுப்பாகவே இருந்தது. பின்னாளில் சேலை கட்டி, தோலைக் கருப்பாக்கிக்கொண்டு, கோயில்களில் விடப்பட்ட பெண் குழந்தைகளைப் பற்றி விசாரிக்கப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது என்று சொல்வார்கள். எல்லா மறுப்புக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, முக்கால்வாசி தெரியாது. அந்த மூணு வயசுப் பிள்ளைக்கு வந்தது 'இல்லை' என்ற பதில், அதையும் பதில் என்று எடுத்துக்கொண்டாரே, அதைச் சொல்கிறேன்.

369 பற்றி ஒரு வார்த்தை. விஞ்ஞானி டெஸ்லா சொன்னது என்று வீடியோக்களில் சொல்லுவார்கள். அவர் 1943-லேயே இறந்துபோனவர், நோட்டில் ஆசையை எழுதும் முறை எதையும் அவர் கற்றுத்தரவில்லை, இது 2020 வாக்கில் சமூக ஊடகங்களில் பரவியது. இதற்கு அடியில் கிடப்பது, எதை நினைக்கிறோமோ அது நம்மிடம் வந்து சேரும் என்கிற 'ஈர்ப்பு விதி', அது இன்னும் பழசு. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'நவ சிந்தனை' என்று ஓர் இயக்கம் கிளம்பியது, வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பவர் 1906-ல் 'ஈர்ப்பு விதி' என்பதையே தலைப்பில் வைத்துப் புத்தகமே போட்டார். 2006-ல் ஒரு படமும் புத்தகமும் வந்து உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. ஆக இது கீழைநாட்டு ரகசியமும் இல்லை, உங்கள் அம்மா பயப்படுகிற மாதிரி மாந்திரீகமும் இல்லை.

அம்மாவுக்கும் ஒரு விஷயம். வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்து பீரோக் கதவில் ஒட்டி வைக்கிறோமே, அதை நாம் எப்படிப் பார்க்கிறோம்? வசனம் என்று பார்த்தால் நல்லது. நல்ல அட்டை வந்தால் இந்த வருஷம் ஜெயம், கொஞ்சம் கடினமான வசனம் வந்தால் முகம் வாடி, பக்கத்தில் இருப்பவரின் அட்டையை எட்டிப் பார்ப்பது என்றால், மகள் நோட்டுக்கும் அதற்கும் ரொம்ப தூரமில்லை. (நானும் எட்டிப் பார்த்தவள்தான்.)

திரும்பத் திரும்பக் கேட்பதில் தப்பில்லை. லூக்கா 18-ல் அந்த விதவை நியாயாதிபதியை விடாமல் தொல்லைப்படுத்தினாள், அதை இயேசு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் நியாயாதிபதியிடம்தான் போனாள், வீட்டில் உட்கார்ந்து 'நியாயம் கிடைத்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 'அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படும்' என்று நினைக்காதிருங்கள் என்பது மத்தேயு 6. எண்ணிக்கைக்குப் பலன் உண்டு என்று நினைக்கிறபோதுதான் சிக்கல்.

இனி பரீட்சைக்கு வருவோம். விசுவாசத்தை விடுங்கள், படிப்புக்காவது இது உதவுமா? 1999-ல் ஃபாம், டெய்லர் என்ற 2 உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். நல்ல மார்க் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் முன்னதாகப் படிக்க ஆரம்பித்து மார்க்கும் கூட வாங்கினார்கள். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதையே பல வருஷம் ஆராய்ந்தவர். பட்டப்படிப்பு முடித்தவர்களில், வேலை கிடைத்துவிட்ட மாதிரிக் கனவில் அதிகம் திளைத்தவர்களுக்கு 2 வருஷம் கழித்து வந்த வேலை வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு என்று கண்டார். கிடைத்துவிட்டது என்று மனசு நம்பிவிட்டால் கை ஓய்ந்துவிடும் போல.

குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழ். அந்த 18 வரிக்குப் பதிலாக தினம் 18 இலக்கணக் கேள்வி போட்டுப் பாருங்கள். ஜெபத்தில் 'ஆண்டவரே, எனக்கு இந்த வேலை வேணும், வயசாகுது, வீட்டுல கஷ்டம்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கிடைக்காத ஒன்றுக்குக் கிடைத்த மாதிரி நன்றி சொல்லி அவரிடம் நடிக்க வேண்டாம். பயமாக இருந்தால் பயம் என்றும் சொல்லலாம், சங்கீதங்களில் பாதி அதுதான்.

கேள்வி: களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டிருந்தேன். தார் முத்தி வெட்டுக்கு 3 வாரம் இருக்கும்போது அடிச்ச காத்துல பாதிக்கு மேல சாஞ்சு போச்சு. 'காத்து வந்தா போச்சு'ன்னு நான் போன மாசம் சொன்னேனாம், வாயால அறிக்கை பண்ணினதுதான் பலிச்சதுன்னு மச்சினன் போற ஜெபக்கூட்டத்துல சொல்லுறாங்க. அப்படியா?

பதில்: இல்லை அண்ணாச்சி. காற்று உங்கள் வாயைக் கேட்டு வருவதாக இருந்தால், வாழை போட்ட ஒருத்தர் தோட்டமும் மிஞ்சாது. களக்காட்டில் அந்த வார்த்தையைச் சொல்லாத வாழைக்காரர் யார்? நீங்கள் அதைச் சொன்னது அனுபவத்தில். அனுபவம் இருப்பதால்தான் கம்பு வாங்கி முட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு மேலேயும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்குச் சொந்த வலி. என் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண். போய்க்கொண்டிருந்த ஒரு ஜெபக்குழுவில், 'புண் இருக்கு என்று சொல்லாதீங்க, ஆறிட்டுது என்று அறிக்கை பண்ணுங்க, கட்டுப் போடப் போறது அவிசுவாசம்' என்றார்கள். அம்மா 3 வாரம் எங்களிடம் காட்டவே இல்லை. நாத்தம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். 2 விரல் போனது. அதற்குப் பிறகு அதே ஆட்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே, 'அம்மா எங்கேயோ சந்தேகப்பட்டுட்டாங்க' என்றார்கள். அம்மாவும் அதை நம்பினாள், விரல் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்த 'வாயறிக்கை' உபதேசம் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. கென்யன் (1867–1948) என்பவர் எழுதியதை கென்னத் ஹேகின் என்ற போதகர் எடுத்துப் பரப்பினார். முந்தின பதிலில் சொன்ன நவ சிந்தனைக்கும் கென்யனுக்கும் உறவு உண்டு என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அப்படியில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். வம்சம் எப்படியோ, ஜாடை ஒன்றுதான்: கிடைத்தால் முறை ஜெயித்தது, கிடைக்காவிட்டால் நீ தோற்றாய். முறை மட்டும் ஒருநாளும் தோற்காது. மேனிஃபெஸ்டேஷனை மேடையில் திட்டுகிற சில பேர் அதையே அல்லேலூயா சேர்த்துச் சொல்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்களும் இப்படித்தான் ஆறுதல் சொல்ல வந்து குற்றம் கண்டுபிடித்தார்கள். கடைசியில் கர்த்தர் யார் மேல் கோபப்பட்டார்? புலம்பிய யோபு மேல் இல்லை, விளக்கம் சொன்னவர்கள் மேல். மச்சினனிடம் யோபு 42:7 வாசிக்கச் சொல்லுங்கள், சண்டை போடாமல். உங்கள் பக்கத்து டோனாவூரில், மேலே சொன்ன அதே அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவர் வாயறிக்கை சரியில்லை என்று டோனாவூரில் போய் ஒருத்தர் சொல்லிவிட்டு வரட்டும் பார்க்கலாம்.

சாய்ந்த வாழையைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் சீக்கிரம் மனுக் கொடுத்துவிடுங்கள். அழுகிற முன்னால்.

கேள்வி: சபை வாலிபர் கூட்டத்தில் விஷன் போர்டு செய்யச் சொன்னார்கள். 'தரிசனத்தை எழுதி, பலகைகளிலே தீர்க்கமாக வரை' என்று ஆபகூக் 2:2 ஆதாரம் காட்டினார்கள். கார், வீடு படம் ஒட்டினேன். சரிதானா? – வள்ளியூர் வாசகர்

பதில்: ஒட்டுங்கள், ஆபகூக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பலகையில் அவர் எழுதியது தன் ஆசையை இல்லை, தேவன் சொன்னதை. அதுவும் கல்தேயர் படையெடுத்து வருகிற காலத்தில். அந்தப் புத்தகம் முடிகிற இடத்தையும் கூட்டத்தில் வாசித்தார்களா? 'அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்' கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிகிறது. நம்ம ஊர்க்காரர் எழுதியிருந்தால் வாழை சாய்ந்தாலும், குளம் வறண்டாலும் என்று எழுதியிருப்பார். போர்டில் அதற்கு என்ன படம் ஒட்டுவீர்கள்?

இன்னொரு வசனமும் காட்டுவார்கள், தயாராக இருங்கள். நீதிமொழிகள் 23:7, இருதயத்தின் நினைவு எப்படியோ அப்படியே அவனும் இருக்கிறான் என்பது. முன்னும் பின்னும் வாசித்தால், அது 'சாப்பிடு, சாப்பிடு' என்று வாயால் உபசரித்துவிட்டு மனசுக்குள் சோற்றுக் கணக்குப் பார்க்கிற கஞ்சனைப் பற்றியது. வேற ஒன்றுமில்லை.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர், உவரி அந்தோணியாருக்கு நவநாள் ஜெபம் சொல்வோம். 9 நாள் ஒரே ஜெபம். இதுவும் 369 மாதிரிதான் என்று கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கர்த்தர் பரமேறிய பிறகு பெந்தெகொஸ்தே வரை சீஷர்கள் காத்திருந்து ஜெபித்த நாட்களை வைத்து வந்தது 9 நாள் கணக்கு. காத்திருப்பதற்கான கணக்கு அது. 10-ம் நாள் காரியம் நடந்தே தீர வேண்டும் என்று அந்தோணியாருக்கு நீங்கள் கெடு வைத்தால்தான் கிண்டல் செய்பவர்கள் சொல்வது சரியாகிவிடும்.

கேள்வி: 'இந்த வசனத்தை 11 பேருக்கு அனுப்பினால் ராத்திரிக்குள் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்பலாமா? – திசையன்விளை வாசகி

பதில்: இந்த வாரம் 4 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஆளாக நீங்கள் வராதீர்கள்.