லேன் கேபிளா, வைஃபையா? வீட்டு இசைக்கான கேள்வி பதில்

வீட்டில் இணையம் வழியாகப் பாட்டுக் கேட்பது தொடர்பாக நம் குமரி மாவட்டத்து அன்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் (லேன் கேபிள்) இழுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்களைத் தருகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோட்டாறு): ஐயா, புதிதாக ஒரு ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி) வாங்கி ஆம்ப்ளிஃபயருடன் இணைத்திருக்கிறேன். வைஃபையை விட லேன் கேபிளில் ஒலி தெளிவாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஒலியின் தரத்தில் வேறுபாடு இருக்காது. பாட்டு சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக வருகிறது. வழியில் ஒன்று தொலைந்தால் ஸ்ட்ரீமர் அதை மறுபடி கேட்டு வாங்கி, தன் நினைவகத்தில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, தன்னுடைய கடிகாரத்தின் கணக்கில்தான் ஒலியாக மாற்றுகிறது. ஆகவே எந்த வழியில் வந்தாலும் வந்து சேர்வது அதே தரவுதான். வேகமும் பெரிதாகத் தேவையில்லை. சிடி தரத்துப் பாட்டுக்குச் சுருக்காத நிலையில் விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் கூட 9.2 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் லேன் போர்ட்டே இதற்கு ஏராளம். கேபிளால் கிடைக்கும் நன்மை வேறு: பாட்டு நடுவில் நிற்காது. வைஃபையில் உங்களுக்குப் பாட்டு நிற்பதே இல்லை என்றால், கேபிளுக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி (குலசேகரம்): எங்களுடையது பழைய வெட்டுக்கல் வீடு. ரூட்டர் முன்னறையில், ஸ்பீக்கர் உள்ளே நடுஅறையில். 300 மெகாபிட் திட்டம் எடுத்தும் பாட்டு நின்று நின்று வருகிறது, மழைக்காலத்தில் இன்னும் மோசம். பெரிய திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம், அந்தப் பணம் வீண். ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறையும், ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் நின்று ஒரு முறையும் கைபேசியில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். முதல் இடத்தில் நன்றாகவும் இரண்டாவது இடத்தில் மோசமாகவும் இருந்தால், சிக்கல் உங்கள் சுவரில் இருக்கிறது, இணைய நிறுவனத்தில் இல்லை. வெட்டுக்கல் சுவர் தடிமனானது. மழையில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் வைஃபை அலைகளை இன்னும் அதிகமாகத் தடுக்கும்.

ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருக்கும். (இந்த 5-க்கும் கைபேசியின் 5ஜி-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 தூரம் போகும். ஆனால் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. முதலில் 2.4-க்கு மாற்றி, சேனலை (அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிலையாக வைத்துப் பாருங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

சரியாகவில்லை என்றால், முன்னறையிலிருந்து நடுஅறைக்கு ஒரே ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். ஸ்ட்ரீமரையும் அங்கேயே கேபிளில் செருகிவிடலாம். கேபிள் இல்லாத ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அது ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும்போது வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய வீடுகளில் சுவரைத் துளைப்பதை விட மச்சின் மேலாகக் கேபிளைக் கொண்டுபோவது எளிது. மின்கம்பியோடு ஒட்டி இழுக்காதீர்கள். குறுக்கே கடந்தாக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஒரே காம்பவுண்டில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் இருக்கின்றன, இடையில் நாற்பது மீட்டர். எங்கள் வீட்டு இணையத்தையும், கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருக்கும் பாட்டுகளையும் அங்கே கொண்டுபோக வெளியில் லேன் கேபிள் இழுக்கலாமா?

பதில்: தூரம் தடையில்லை, லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனாலும் இழுக்காதீர்கள். ஐப்பசியிலும் சித்திரையிலும் நம் பக்கத்து மாலை நேர இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் கேபிளிலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே, வெளியில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, இரண்டு முனைகளிலும் உள்ள போர்ட்டுகள் கருகிவிடும். இரு வீடுகளின் எர்த்தும் வேறுவேறாக இருப்பது ஆபத்தை இன்னும் கூட்டுகிறது.

இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஃபைபர்தான் சரி. இரு முனைகளிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேனையும் இணைக்கும் சிறு பெட்டி) வைத்தால், அதற்குப் பிறகு சாதாரண லேன் கேபிள்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபரில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி கூடவே வரும். அதை இரு பக்கமும் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். வேலைக்கு வருபவர்கள் இதைத் தாமாகச் செய்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தக்கலை): கேட்-6 என்ற தரத்து லேன் கேபிள் ஒரு கடையில் சொல்லும் விலையில் பாதிதான் இன்னொரு கடையில். "இசைக்கென்றே" பல ஆயிரம் ரூபாய்க்கும் கேபிள் விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பாதி விலைக் கேபிள் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். உள்ளே இருக்கும் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் தெரிந்துவிடும்: செம்பென்றால் சிவப்பாகவே இருக்கும், அலுமினியமென்றால் வெள்ளையாகப் பளபளக்கும். அது நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். கேட்-6-க்கு முந்தைய தரமான கேட்-5இ கேபிளே, முழுச் செம்பாக இருந்தால் போதும். பல ஆயிரம் ரூபாய்க் கேபிளும் அதே தரவைத்தான் கொண்டுவரும். அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டேக் (தரவை ஒலியாக மாற்றும் கருவி) வைத்துக் கேட்கிறேன். லேனில் இணைத்தால் சில நேரம் "டிக்" என்ற ஓசை வருகிறது, வைஃபையில் வரவில்லை.

பதில்: உங்கள் காது சரியாகவே இருக்கிறது. அந்த மாடலில் லேன் போர்ட்டும் யுஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, அங்கே நெரிசலானால் டேக்குக்குப் போகும் ஒலி தடைப்படலாம். வைஃபைக்கு வேறு பாதை. இந்த ஓரிடத்தில் வைஃபையே மேல். 2019-இல் வந்த பை 4-இல் லேனுக்குத் தனிப் பாதை உண்டு.

கேள்வி (குளச்சல்): இவ்வளவு எதற்கு, ப்ளூடூத் போதாதா?

பதில்: ஓர் அறைக்கு, பின்னணியில் ஓடும் பாட்டுக்குப் போதும். ஆனால் ப்ளூடூத் பாட்டை மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது, அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், கைபேசியோடு வெளியே போனால் பாட்டும் போய்விடும். குரோம்காஸ்ட் போன்ற, வைஃபையில் இயங்கும் கருவிகளில் கைபேசி கட்டளை மட்டுமே தருகிறது. பாட்டை அந்தக் கருவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

கேள்வி (இரணியல்): எல்லாம் கேபிளில்தான் இணைத்திருக்கிறோம். வீட்டில் இன்வெர்ட்டரும் உண்டு. ஆனாலும் கரண்ட் போனால் பாட்டு நின்று, திரும்ப வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது.

பதில்: கரண்ட் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த இமைப்பொழுதில் ரூட்டர் அணைந்து மறுபடி தொடங்குகிறது, அதற்கு ஆகும் நேரம்தான் அது. ரூட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும். மாடியில் நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வைத்திருந்தால் அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரின் மேலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எல்லா ரூட்டரும் 12 வோல்ட் அல்ல, 9 வோல்ட்டில் ஓடுபவையும் இருக்கின்றன.